தாயின் பெயர் என்ற கட்டம்

பதுளைக் கந்தோரில் நான் விட்டுவந்த கோப்புகளில் ஒன்றில், என் கையெழுத்தில், நீல மையில் ஒரு சொல் இருக்கிறது: “கற்பனை.” அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுத்தவளும் நான்தான்.

உளவள ஆலோசனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபத்தாறு வருடம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய கதைகளும் சில உண்டு. அவற்றையெல்லாம் என் பிரியாவிடையில் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தக் கோட்டின் கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நீங்கள் படித்ததைத்தான் நானும் படித்தேன். குழந்தை தன்னைப் பெற்றவர்கள்மேல் ஒரே நேரத்தில் ஆசையும் கோபமும் வைக்கிறது, அந்த இழுபறிக்குள்தான் ‘நான் யார்’ என்பது மெல்ல மெல்ல உருவாகிறது, அங்கே முடிச்சு விழுந்தால் வளர்ந்த பிறகும் அது வலிக்கும் என்றெல்லாம் படித்தோம். அந்தப் பாடங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வயதில் பிள்ளைகள், ‘இவர்கள் என் சொந்த அப்பா அம்மா இல்லை, என்னைப் பெற்றவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள்’ என்று கற்பனை செய்வார்களாம். பெற்றோர்மேல் வரும் கோபத்தை அப்படி ஆற்றிக்கொள்வார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது. எட்டு வயதில், அம்மா விளக்குமாற்றால் சாத்திய நாளெல்லாம், நான் எங்கள் தோட்டத்துப் பெரியதுரையின் பங்களாவில்தான் பிறந்திருப்பேன் என்று உறுதியாக நம்பியவள் நான். எங்கோ ஐரோப்பாவில் இருந்துகொண்டு என் மனதில் இருந்ததை எழுதிவிட்டார்களே என்று ஆச்சரியம். நமக்கு மிகவும் பிடித்த பாடத்திடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கோகிலா என்று வைத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமாகப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம் தரம் படித்தவள், பதினைந்து வயது. படிப்பில் கெட்டி. சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எல்லாருக்கும் விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. கோகிலாவின் படிவத்தில் தாயின் பெயர் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. டீச்சர் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் வெறுமையாகவே வந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார். “என்னன்னு நீங்களே கேளுங்க மிஸ், எனக்கு முடியல” என்று என்னிடம் அனுப்பி வைத்தார்.

நான் மாதத்தில் இரண்டு நாள் அந்தப் பாடசாலைக்குப் போவேன். நூலகம் என்று பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஒரு சின்ன அறையில் பிள்ளைகளைச் சந்திப்பேன். கோகிலா வந்து உட்கார்ந்தாள். மெலிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எதையும் நேராகப் பார்க்கும் கண். வழக்கம்போல் தாளும் பென்சிலும் கொடுத்து, குடும்பத்தை வரையச் சொன்னேன்.

அவள் மூன்று பேரை வரைந்தாள். இரண்டு பக்கமும் சேலை கட்டிய இரண்டு பெண்கள், ஒரே உயரம். நடுவில் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை, இரண்டு கையையும் இரண்டு பேரிடமும் கொடுத்திருந்தாள். பெண்கள் இருவருக்கும் முகம் இல்லை.

“இவங்க யாரு?” என்றேன்.

“இது அம்மா. இது சித்தி.”

“அப்பா?”

“மடுவத்துல கொழுந்து நிறுக்கிறாரு மிஸ். தாள்ல எடமில்ல.”

“அம்மாவுக்கும் சித்திக்கும் மொகம் போடலையே.”

அவள் பென்சிலை மேசையில் வைத்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். “அம்மா எனக்கு சொந்த அம்மா இல்ல மிஸ்.”

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. படித்த பாடம் சீருடை போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. முகமில்லாத அம்மா, வெறுமையான கட்டம், இப்போது இந்த வாக்கியம். எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

“அம்மா ரொம்பத் திட்டுவாங்களா?”

“எல்லா அம்மா மாதிரியுந்தான் மிஸ்.”

“அப்ப உன் சொந்த அம்மா யாருன்னு நெனைக்கிற?”

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். இந்த வேலையில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அந்த ஒரு நொடிதான். கேள்வி கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொன்னேன். இந்த வயதில் எல்லாருக்கும் அப்படித் தோன்றும், எனக்குக்கூடத் தோன்றியது, அம்மாமேல் கோபம் வருவது தப்பில்லை, கோபம் ஆறியதும் அந்த எண்ணமும் போய்விடும் என்று, பங்களாக் கதையையும் சேர்த்து, பத்து நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். கேட்கக் கோகிலாதான் அங்கே இல்லை. உடம்பு மட்டும் உட்கார்ந்திருந்தது.

“சரிங்க மிஸ்” என்றாள்.

ஒரு பிள்ளை உங்கள் நீண்ட பேச்சைக் கேட்டுவிட்டு “சரிங்க மிஸ்” என்று மட்டும் சொன்னால், உங்களைக் கைவிட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே கோப்பில் எழுதினேன்: தாயுடன் முரண்பாடு, பெற்றோர் பற்றிய கற்பனை.

சும்மா சொல்லக்கூடாது, விசாரிக்கவும் செய்தேன். அடுத்த முறை போனபோது தாயை வரச்சொன்னேன். லெட்சுமி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்காட்டிலிருந்து நேராக வந்ததால் கையெல்லாம் கொழுந்துக் கறை. குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் நயமாகத்தான் கேட்டேன்.

“நான் பெத்த புள்ளதாங்க மிஸ். வேற யாரு பெத்தது? ஸ்கூல் ரெஜிஸ்தர்ல பாருங்க, எம்பேருதான் இருக்கு.”

பார்த்தேன், இருந்தது. பிறப்புச் சான்றிதழைக் கேட்டதற்கு, எங்கேயோ வைத்துவிட்டோம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். சொல்லும்போது குடையின் பிடியை அவள் இறுக்கிப் பிடித்ததில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போனது. அதைக் கண்ணால் கண்டேன். கோப்பில் எழுதவில்லை. நமக்கு வேண்டியதை மட்டும்தானே எழுதுகிறோம்.

மூன்று வாரம் கழித்து வகுப்பு டீச்சரிடமிருந்து போன் வந்தது. கோகிலா நாலு நாளாகப் பாடசாலைக்கு வரவில்லை. பரீட்சையே எழுதப்போவதில்லை என்று சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாள். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு ஆள் தேடி தோட்டத்துக்கு ஒருவர் வந்து போகிறார், வருகிற ஞாயிறு அவரோடு போகப்போகிறாளாம். படிவம் கொடுக்கும் கடைசி நாள் அதற்கடுத்த வெள்ளி.

“இன்னொண்ணும் இருக்கு மிஸ்” என்றார் டீச்சர். “வீட்டுல தேடிக் குடுக்குற மாதிரி தெரியல. அதனால அதிபர் பதிவாளர் கந்தோர்ல இருந்து பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பிரதி எடுத்துட்டாரு. அதுல தாயோட பேரு லெட்சுமி இல்ல. ராணின்னு போட்டிருக்கு. அது அந்தம்மாவோட தங்கச்சி. அதே லயத்துல, மூணாவது வீடு.”

போனை வைத்தேன். அந்தப் பிள்ளை என்னிடம் கற்பனை எதையும் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொன்னது. நான் அதற்கு விளக்கம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

என்னை உறுத்தியது இன்னொன்றும் உண்டு. நானும் அப்படி ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பிள்ளை தங்காத அக்காவுக்குத் தங்கை தன் பிள்ளையைக் கொடுப்பது எங்கள் தோட்டங்களில் நடக்காத காரியமா? எழுத்தும் இல்லை, கோர்ட்டும் இல்லை. முப்பதாம் நாள் தொட்டிலை ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பெரியம்மா அம்மாவாகிவிடுவாள், பெற்றவள் சித்தியாகிவிடுவாள். எங்கள் லயத்திலேயே இரண்டு பிள்ளைகள் அப்படி வளர்ந்தார்கள். ஒருவனோடு நான் கிட்டிப்புள் விளையாடியிருக்கிறேன். படிப்பறிவில்லாத எந்த ஆயாவும் கோகிலாவின் வாக்கியத்தைக் கேட்டதும், “அப்ப உன்னய பெத்தது யாரு தாயி?” என்று கேட்டிருப்பாள், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டும் இருந்திருப்பாள். டிப்ளோமா வாங்கியிருந்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

மறுநாளே பஸ் ஏறினேன். அங்கேயும் ஒரு பிழையைச் செய்யத் தயாராகத்தான் போனேன். மூடி வைத்ததைத் திறந்தால் எல்லாம் ஆறிவிடும் என்று இன்னொரு பாடம் இருக்கிறதே. லெட்சுமியையும் ராணியையும் கோகிலாவையும் ஒன்றாக உட்கார வைத்து, உண்மையைப் பேச வைப்பது என்று வழியெல்லாம் திட்டம் போட்டேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடுகளுக்கு வந்திருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாசல்கள் எல்லாம் தெரியும். முதல் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் லெட்சுமி தட்டில் ரொட்டி வைத்துக் கொடுக்க, கோகிலா உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதி ரொட்டிதான். “போதும்மா” என்று தட்டைக் கழுவி வைத்தாள். லெட்சுமி உள்ளே போனதும் மெல்ல நடந்து மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அங்கே ராணி ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தயாராக வைத்திருந்தாள். ராணியின் மற்றப் பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கோகிலா அங்கேயும் உட்கார்ந்து பாதி சாப்பிட்டாள்.

பக்கத்தில் குடம் நிறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “அந்தப் புள்ள எப்பவும் ரெண்டு வீட்டுலயும் சாப்புடுமா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ரெண்டு எடத்துலயும் அரை வயிறு” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போட்டுக்கொண்டு வந்த திட்டம் அந்த இடத்திலேயே என் கையைவிட்டு நழுவியது.

கோகிலா வெளியே வந்தவள் என்னைக் கண்டுவிட்டாள். ஓட்டமும் நடையுமாகப் பீலியடிக்கு வந்தாள். “எதுக்கு மிஸ் வந்தீங்க? அம்மாகிட்ட பேசிட்டீங்களா?”

“இல்ல. மொதல்ல உன்கிட்ட பேசத்தான் வந்தேன். நீ அன்னைக்குச் சொன்னது உண்மை. நான் நம்பாம விட்டது என் பிழை. என்னய மன்னிச்சிரு.”

பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம்மிடையே வழக்கமில்லை. அவள் சடை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பரவால்ல மிஸ்” என்றாள் கடைசியில். “நீங்க நம்பலன்னதும் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. அப்ப வெளிய தெரியாதுன்னு.”

பீலிக்கு மேலே உள்ள கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள். ஒன்பது வயதில், இதே பீலியடியில், தண்ணீருக்கு வரிசை நிற்கும்போது இரண்டு பெண்களுக்குள் சண்டை வந்திருக்கிறது. அதில் ஒருத்தி லெட்சுமியைப் பார்த்து, “கொடுத்த புள்ளைய வச்சிக்கிட்டு இவ்வளவு வாயா?” என்று கத்தியிருக்கிறாள். கோகிலா குடத்தோடு பின்னால் நின்றிருக்கிறாள். அவள் நின்றதை லெட்சுமி பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது மிஸ். சித்திக்கும் தெரியாது. தெரிஞ்சா சித்தி, எம்புள்ள எனக்கு வேணும்னு அழும். அம்மா தாங்காது.”

“அதுதான் அந்தக் கட்டத்த வெறுமையா விட்டியா?”

“படிவத்துல வீட்டுல கையெழுத்து வாங்கணுமே மிஸ். சித்தி பேர எழுதினா அம்மா பார்க்கும். அம்மா பேர எழுதினா பொய்யாயிரும், அது சர்டிபிகேட்டோட ஒத்துப்போகாது. எனக்கு ஒரே ஒரு விசயந்தான் உங்ககிட்ட கேக்க வேண்டியிருந்துச்சு. அதுல என்ன எழுதுறதுன்னு.”

ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்க வந்த பிள்ளைக்கு நான் பங்களாக் கதை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

“படத்துல ஏன் மொகம் போடல?”

“போட்டா நீங்க, நீ யாரு மாதிரின்னு கேப்பீங்க.”

கொழும்புக்குப் போவது பற்றிக் கேட்டேன். “போய்ட்டா படிவமே தேவையில்லல்ல” என்றாள். அவ்வளவு எளிதான கணக்கு. இரண்டு பெண்களைக் காப்பாற்ற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் பரீட்சையை விட்டுக்கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத வீட்டில் வேறு யாருடைய பிள்ளைக்கோ பால் கரைக்கப் போக முடிவு செய்திருந்தாள்.

“இது நீ தூக்க வேண்டிய சுமை இல்ல கோகிலா. அவங்க ரெண்டு பேரும் தூக்கணும். நான் அவங்ககிட்ட பேசட்டுமா? நீ வேணாம்னு சொன்னா இப்பவே பஸ் ஏறிருவேன்.”

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். நான் காத்திருந்தேன். அந்த வேலையை அன்றுதான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

“அம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க” என்றாள். “சித்திகிட்ட மொதல்ல சொன்னீங்கன்னா அம்மாவுக்கு ரெண்டு மடங்கு வலிக்கும். அப்புறம், நான் பக்கத்துல இருக்கக்கூடாது.”

மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைக்கலாம் என்று போனவள் நான். எந்த வரிசையில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்தப் பிள்ளை. ஆறு வருடமாக அவள் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தாள்.

மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, நாலரை மணிபோல் லெட்சுமியைப் பிடித்தேன். மடுவத்துக்குப் பின்னால், வெறுங்கூடைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றோம். சான்றிதழைப் பற்றிச் சொன்னதும் முதலில் கோபப்பட்டாள். “யாரு மிஸ் உங்களுக்குச் சொன்னது? ராணி சொன்னாளா? அவதானே?” பதினைந்து வருடமாக அவள் பயந்துகொண்டிருந்தது அந்தக் கேள்வியில் அப்படியே வெளியே வந்துவிட்டது. ராணி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பிள்ளைக்கே தெரியும் என்றேன்.

“எவ்வளவு நாளா?”

“ஒன்பது வயசுல இருந்து.”

லெட்சுமி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலையில் போட்டிருந்த துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நிறுவைக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பிறகு அவள் துண்டை எடுத்தாள்.

“அப்ப, இந்த ஆறு வருசமும் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னய அம்மான்னு கூப்புட்டிருக்கா.”

“ஆமா.”

“தெரியாம கூப்புடுறான்னுதான் நான் பயந்துக்கிட்டே இருந்தேன் மிஸ்” என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை அதிகமில்லை. ராணியை அவளே கூப்பிட்டு அனுப்பினாள். நான் பேச்சுக்குள் நுழையாமல் தள்ளி நின்றேன். அக்காவும் தங்கையும் என்ன பேசினார்கள் என்பதை முழுவதும் சொல்ல எனக்கு உரிமையில்லை. ராணி ஒன்று மட்டும் சத்தமாகக் கேட்டாள், “நான் என்னைக்காவது கேட்டேனா அக்கா? ஒரு நாளாவது கேட்டேனா?” லெட்சுமி, “கேக்கல. அதான் எனக்குப் பயம்” என்றாள். கேட்காமல் இருந்தவளும் பயந்துகொண்டிருந்தவளும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால் லெட்சுமி படிவத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் ஐந்தாம் தரம்வரை படித்தவள். கையெழுத்துப் போடுவதோடு சரி, எழுதிப் பல வருடம். இஸ்தோப்பில் உட்கார்ந்து, தாயின் பெயர் என்ற கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தாக, தன் தங்கையின் பெயரை அவளே எழுதினாள். சான்றிதழில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து எழுதினாளாம். ராணி பக்கத்தில் நின்றாள். எழுதி முடித்துக் கோகிலாவிடம் நீட்டி, “இந்தா. இப்ப போயி முழுசாச் சாப்புடு” என்று சொன்னாளாம். எந்த வீட்டில் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த கொழும்பு ஆளை ராணி வாசலிலேயே நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னாள். படிவம் வியாழக்கிழமையே அதிபரின் மேசைக்குப் போய்விட்டது.

இவ்வளவும் சொன்னதால், படித்ததெல்லாம் வீண் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாடம் பொய்யில்லை. பிள்ளைக்குள் நடக்கும் இழுபறி உண்மை. பெரியவர்கள் பேசாமல் விட்ட சண்டையைச் சுற்றித்தான் கோகிலா தன்னைக் கட்டியெழுப்பியிருந்தாள். பின்னர் பல மாதம் அவளைச் சந்தித்தேன். உனக்கு ரொட்டி பிடிக்குமா சோறு பிடிக்குமா என்று கேட்டால், “ரெண்டும்” என்பாள். எந்த நிறம்? எதுவும் பரவாயில்லை. படித்து என்ன ஆகப்போகிறாய்? நீங்கள் சொல்லுங்கள் மிஸ். மடுவத்துத் தராசைப்போல் இரண்டு பக்கமும் சமமாக நிற்பதிலேயே அவளுடைய கவனமெல்லாம் போயிருந்தது. தனக்கு என்ன பிடிக்கும் என்று பார்க்க அவளுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளப் படிப்புத்தான் எனக்கு உதவியது. ஆனால் பாடம் பிள்ளைக்குப் பின்னால் வரவேண்டும். நான் அதை முன்னால் அனுப்பிவிட்டேன். பிள்ளை சொல்வதை முதலில் உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையாக இருந்தால் அது தானாகத் தெரியவரும், அவசரமில்லை.

எட்டாவதோ ஒன்பதாவதோ சந்திப்பில், “மிஸ், எனக்கு ரொட்டிதான் புடிக்கும்” என்று ஒருநாள் சொன்னாள். பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வழியில் எனக்கிருந்த சந்தோஷத்தில் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடையாள அட்டை வந்ததும் பதுளைக் கந்தோருக்கே கொண்டுவந்து காட்டினாள். லெட்சுமியும் ராணியும் கீழே கடைவீதியில் சீத்தைத் துணி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவளுடைய கோப்பை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அந்தச் சொல்லின்மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். அவள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“மிஸ், இந்தப் படத்துல நான் யாரு மாதிரி இருக்கேன்?”

முகமில்லாத இரண்டு பெண்களை வரைந்த பிள்ளை அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிறாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், நன்றாகப் பார்த்தேன்.

“கண்ணு ராணி” என்றேன். “முறைக்கிறது லெட்சுமி.”

“லயத்துல எல்லாரும் அதத்தான் மிஸ் சொல்றாங்க” என்று சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிப் பையில் போட்டாள். கீழே இருந்து இரண்டு பேரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “வாறேன்” என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.